சுரங்கத்துக்கு மேலே ஒரு நாற்றங்கால்

1. நனைந்த சுவர்

மழை பெய்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது. ஆனால் சுரங்கத்தின் கிழக்குச் சுவர் நனைந்திருந்தது.

காலை ஷிஃப்ட் தொடங்கி டம்பர்கள் ஓட ஆரம்பித்துவிட்ட நேரம். ஹெல்மெட்டும் வாக்கி டாக்கியுமாக நான் கீழே ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சுவரின் மேல்பாதி களிமண், கீழ்பாதி சுண்ணாம்புக்கல். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு லாரி நீளத்துக்கு மண் கறுத்துப்போய், அதிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து கல்லின் மேல் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு எக்ஸ்கவேட்டர் கல்லை அள்ளி டம்பரில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கலியமூர்த்தி. எங்கள் ஆபரேட்டர்களில் கை நேர்த்தியானவர். பக்கெட்டால் கோழிமுட்டையைக்கூட உடையாமல் எடுத்துவிடுவார் என்று சொல்வார்கள்.

அந்த ஷிஃப்ட்டின் மேற்பார்வையைப் பார்த்துக்கொள்ளும் மேட் ராஜேந்திரன் பக்கத்தில் நின்றார். இது என்ன கசிவு என்று கேட்டேன். ஊற்றாக இருக்கும், கொள்ளிடம் பக்கத்தில்தானே, இங்கே எங்கே தோண்டினாலும் தண்ணீர்தான் என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அய்யம்பேட்டை. இளவயதில் வளைகுடா நாட்டுக்குப் போய், அங்கே ஒரு கல் குவாரியில் சேஃப்டி வேலை கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள இந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சேஃப்டி ஆபீஸராகச் சேர்ந்தேன். அப்போது சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மைன்ஸில் எல்லாருக்கும் நான் 'பாய்'. அது நெருக்கத்தில் வந்த பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூரத்தில் கண்டதும் அவசரமாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எங்கேயோ ஏதோ சரியில்லை என்று மோப்பம் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். வீட்டில் கேஸ் டியூபை அடிக்கடி முகர்ந்து பார்க்கும் ஆண்பிள்ளை ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். பயமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு உற்சாகம் வரும். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று தெரியாது, ஆனால் இந்த வேலைக்கு உதவும்.

அன்று எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. சுரங்கத்தின் அடியில் சேரும் தண்ணீரை ஒரு பெரிய குழியில் தேக்கி வைப்போம். அதற்குப் பெயர் சம்ப். அங்கிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றிவிடுவோம். அந்த வாரம் முழுக்க மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது. சம்பில் தண்ணீர் மட்டும் இறங்கவே இல்லை. ஏற்றுகிற தண்ணீர் போன வழியே திரும்பி வருகிறதோ என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே கிளம்பினேன்.

2. கொக்குகள் நின்ற இடம்

சுரங்கத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருப்போம். கார்லண்ட் டிரெயின் என்பது அதன் பெயர். வெளியே பெய்கிற மழை உள்ளே இறங்காமல் அது தடுத்து எடுத்துக்கொண்டு போகும். சம்பிலிருந்து ஏற்றும் தண்ணீரும் அதில்தான் விழுந்து, சுற்றிக்கொண்டு போய் ஓடையில் சேரும். இதில் ஒரே ஒரு சட்டம்தான். தண்ணீர் நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜீப்பை நன்றாகத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். கிழக்குச் சுவருக்கு மேலே வரிசையாகக் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. மோட்டார் தண்ணீர் விறுவிறுவென்று ஓடுகிற வாய்க்காலில் கொக்குக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே போனேன். அங்கே தண்ணீர் ஓடவில்லை. கரை முட்ட நிறைந்து, குளம்போல அசையாமல் கிடந்தது.

வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி, இடையில் வைக்கோலும் சேறும் வைத்துப் பூசி, ஒரு சொட்டுக்கூடத் தாண்டாதபடி அடைத்திருந்தார்கள். கட்டிய கை தேர்ந்த கை. எங்கள் சிவில் டிபார்ட்மெண்ட் ஆட்கள் அவ்வளவு சுத்தமாக எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. வெளிக்கரையில் கை அகலத்துக்கு ஒரு மடை. அதன் வழியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே சம்பா நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நின்றது. சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, அது ஒன்று மட்டும் கண்ணைப் பறித்தது.

நாற்றங்காலில் ஒரு பெண் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இதை யாரும்மா கட்டினது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருதாங்க. வாய்க்கால்ல முறைத்தண்ணி வந்து சேரலை. இங்க நாத்து கருகுது, அங்க இவ்வளவு தண்ணி சும்மா போயி ஓடையில விழுவுது. மனசு கேக்குமாங்க?" என்றார். அவர் குரலில் கொஞ்சமும் கள்ளம் இல்லை.

வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். பெயர் கலியமூர்த்தி, உங்கள் மைன்ஸில்தான் மிசின் ஓட்டுகிறார், உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே என்றார். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. நிலம் குத்தகை நிலம். அந்த வருஷத்துச் சம்பா முழுக்க அந்த நாற்றை நம்பித்தான் இருந்தது.

தன் தலைக்கு நேர் மேலே தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து மனுஷன் கல் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

வெளிக்கரை மேலேயே நடந்து பார்த்தேன். வாய்க்காலுக்கும் சுரங்க விளிம்புக்கும் நடுவில் இருந்த மண்ணில் ஒரு வெடிப்பு ஓடியது. களிமண் வெயிலில் வெடிப்பது புதிதில்லை. ஆனால் வெயில் வெடிப்பு வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். இது விளிம்பை ஒட்டி ஒரே கோடாகப் போனது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தரை, இந்தப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. மூட்டைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த வெடிப்பு வாய்க்காலின் உள்கரையையே பிளந்துகொண்டு போயிருந்தது. புல்லின் வேர்கள் இரண்டு பக்கமும் இழுபட்டு அறுந்து தொங்கின. மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீரிலிருந்து, உள்கரையின் ஒரு இடுக்கு வழியாக, ஒரு சின்ன ஓட்டம் சத்தமில்லாமல் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டு தரை முழுவதும் கீழே போகத் தயாராகிவிட்டது. எப்போது என்பதுதான் தெரியாது.

3. மெஷின் கிடக்கட்டும்

வாக்கி டாக்கியை எடுத்தேன். கிழக்குச் சுவருக்குக் கீழே இருக்கும் எல்லாரும் உடனே வெளியேற வேண்டும், டம்பர்கள் வந்த வழியே திரும்ப வேண்டும், எக்ஸ்கவேட்டரை அப்படியே விட்டுவிட்டு ஆபரேட்டர் இறங்கி நடக்க வேண்டும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ராஜேந்திரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு செய்தியாகப் பட்டது, ஆனால் யோசிக்க அப்போது நேரமில்லை.

கலியமூர்த்திதான் தயங்கினார். மிசினைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். எக்ஸ்கவேட்டர் செயின் சக்கரத்தில் ஊர்ந்து போகும் வண்டி. அது அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் ஒரு ஆள் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"மிசின் கிடக்கட்டும் கலியமூர்த்தி. நீங்க இறங்குங்க" என்றேன்.

இறங்கிவிட்டார் என்று ராஜேந்திரன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தலை எண்ணிச் சொல்லச் சொன்னேன். எண்ணிச் சொன்னார். கார்லண்ட் டிரெயினில் தண்ணீர் கட்டியிருக்கிறது, கரை வெடித்திருக்கிறது என்பதை அப்போதுதான் வாக்கி டாக்கியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மறுநிமிடம் மைன்ஸ் மேனேஜர் சுந்தரேசன் சார் லைனில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று எங்கள் கல் போகும் சிமெண்ட் ஃபேக்டரியிலிருந்து அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சூளைக்குத் தேவையான உயர் ரகக் கல் அந்தக் கிழக்குச் சுவரில் மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினீர்கள் என்று ஆரம்பித்தார். காரணத்தைச் சொன்னேன். சரி, ஆட்கள் வெளியே இருக்கட்டும், மெஷினை மட்டும் எடுத்துவிடலாம், ஒருவர் போய் ஓட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது என்றார்.

தம்பி தங்கைகளே, இந்தத் துறைக்கு வருகிற உங்களுக்கு இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ஆளைச் சாகச் சொல்லி எந்த மேனேஜரும் உத்தரவு போடமாட்டார். மெஷினை மட்டும் எடுத்துவிடலாம் என்றுதான் சொல்வார். கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கும். நம் வாய் தானாகவே சரி என்று சொல்லிவிடும்.

"சார், மேலே வந்து ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு நீங்களே உள்ள அனுப்புங்க. நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றேன்.

அவர் வருவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். வேலியோரத்திலிருந்து ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, உள்கரையைப் பிளந்த வெடிப்பு, மூட்டைகளுக்கு அப்பால் காய்ந்து கிடந்த வாய்க்காலைக் கடந்து வெளிக்கரைக்குக் கிட்டத்தில் முடிகிற இடத்தில், இரண்டு ஓரங்களிலும் நுனி மட்டும் படும்படி குறுக்கே வைத்தேன். மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். குச்சியைக் காட்டலாம் என்று திரும்பினால் குச்சி இல்லை. வெடிப்புக்குள் விழுந்திருந்தது. வெடிப்பு அகலமாகிக்கொண்டே போகிறது என்பதற்கு இதற்குமேல் ரிப்போர்ட் வேண்டியதில்லை. சுந்தரேசன் சார் குனிந்து வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் போனா போகட்டும் பாய்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

4. மூட்டைமேல் வைத்த கை

அப்போதுதான் கலியமூர்த்தி வந்தார். நாங்கள் நின்ற பக்கமாக வரவில்லை. வாக்கி டாக்கியில் கேட்டதும், கீழேயிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி, நேராகச் சுரங்க விளிம்புப் பக்கமாகவே ஓடி வந்துவிட்டார். நாங்கள் பார்த்தபோது அவர் வெடிப்புக்கு அந்தப் பக்கம், தாழ்ந்து கிடந்த அந்தத் துண்டு தரையின் மேல் நின்றார். வெடிப்புக்கு மேலாக எட்டிக் குனிந்து மூட்டையின் மேல் கையை வைத்துவிட்டார்.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் பதறிப்போய் மூட்டையை உருவிவிடுவார் என்று தோன்றியது. ஆகவே டீக்கடையில் பேசுவதுபோலப் பேசினேன்.

"கலியமூர்த்தி, மூட்டையைத் தொடாதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க."

"நான் கட்டினது பாய். நானே எடுத்துவிட்டுடறேன். எடுத்தா தண்ணி தன்னால வடிஞ்சிடும்" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. குற்றம் செய்தவன் தடயத்தை அழிக்க வந்ததுபோல எனக்குத் தெரியவில்லை. மடையை அடைத்தவன் மடையைத் திறக்க வந்திருக்கிறான், அவ்வளவுதான். வயல்காரனுக்குக் கை அப்படித்தான் போகும்.

ஆனால் மூட்டையை எடுத்தால் என்ன ஆகும்? அத்தனை தண்ணீரும் வாய்க்கால் வழியே பாய்ந்து, கரை பிளந்திருக்கும் இடத்துக்குப் போய், நேராக வெடிப்புக்குள் இறங்கும். அவர் நிற்கிற தரையை அவரே கையால் தள்ளிவிட்டதுபோல ஆகும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

தண்ணீரை வடிக்க ஒரே வழிதான் இருந்தது. வெளிக்கரையை அகலமாக வெட்டிவிட வேண்டும். சுரங்கத்துக்கு எதிர்ப்பக்கம், உறுதியான தரை. ஆனால் அப்படி வெட்டினால் தண்ணீர் முழுக்க அந்த நாற்றங்காலில்தான் போய் விழும். நான் செல்வியைப் பார்த்தேன். உன் சம்பாவை உன் கையாலேயே முக்கிவிடு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே மண்வெட்டியை எடுத்து வந்துவிட்டார். மடை இருந்த இடத்தில் முதல் வெட்டு விழுந்தது.

"செல்வி, நாத்து போயிடும்" என்று கலியமூர்த்தி அங்கிருந்து சொன்னார்.

"நாத்து போனா போவுது. நீ இந்தப் பக்கம் வா" என்றார் செல்வி.

அதுவரை என்னிடம் அவர் புருஷனைப் பற்றி 'அவரு, இவரு' என்றுதான் பேசியிருந்தார். இப்போது எங்கள் எல்லார் எதிரிலும் 'நீ வா' என்றது அந்தக் குரல். அந்தக் குரல்தான் கலியமூர்த்தியை அசைத்தது. மெல்ல வெடிப்பைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து இந்தப் பக்கம் வந்தார். நானும் மேனேஜருமாக ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். கரையேறியதும் செல்வியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மீதியை அவரே வெட்டினார்.

தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வயலுக்குள் போனது. நாற்று முதலில் படுத்தது, பிறகு காணாமல் போனது. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்த சின்ன ஓட்டம் நின்றுவிட்டதா என்பதைத்தான் பார்த்தேன். நின்றிருந்தது.

5. சாப்பாடு உள்ளே

மோட்டாரை நிறுத்தினோம். சுவருக்கு மேலும் கீழும் யாரும் போக முடியாதபடி கயிறு கட்டினோம். சுவருக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் வியூ பாயிண்ட் என்று ஒரு இடம் உண்டு. அங்கே எல்லாரும் கூடிவிட்டார்கள். தண்ணீர்தான் வடிந்துவிட்டதே, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். ஃபேக்டரியிலிருந்து மேனேஜருக்குப் போன்மேல் போன். அவர் அசையவில்லை. உள்ளே இறங்கிய ஈரம் உடனே காயாது, காத்திருப்போம் என்று என் வசனத்தை அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

மதியம் அது வந்தது. பெரிய சத்தத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. விளிம்பில் நின்ற ஒரு கருவேல மரம் முதலில் சாய்ந்தது. பிறகு அந்தத் தரை முழுவதும் ஒரே துண்டாக, உட்கார்வதுபோலக் கீழே இறங்கியது. ஈர மண் என்பதால் தூசிகூடக் கிளம்பவில்லை. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து எங்கள் நெஞ்சில் மோதியது. பார்த்தால் எக்ஸ்கவேட்டரின் நீண்ட கை மட்டும் வெளியே தெரிந்தது. கேபின் இருந்த இடத்தில் மண்.

கலியமூர்த்தி என் பக்கத்தில்தான் நின்றார்.

"பாய், என் சாப்பாடு உள்ள இருக்கு" என்றார்.

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ராஜேந்திரன் தன் டிபன் கேரியரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

6. எல்லாருக்கும் தெரியும்

மறுநாள் விசாரணை. கலியமூர்த்தியை வேலையைவிட்டு அனுப்பியே ஆக வேண்டும் என்று மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் தூக்கம் வரவில்லை. நான் வெளியேறச் சொன்னபோது ராஜேந்திரன் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை?

ராஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூட்டை கட்டியது தெரியும் என்றார். அவருக்கு மட்டுமில்லை, டம்பர் ஓட்டுபவர்களுக்கும் பம்ப் பார்ப்பவருக்கும் ஏறக்குறைய எல்லாருக்குமே தெரியும். சுவர் நனைந்தபோது அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. ஆனாலும் சொல்லவில்லை.

"எங்கிட்ட ஏங்க சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க மூட்டையை எடுத்துடுவீங்க பாய். நாத்து காஞ்சிடும்" என்றார்.

ஒளித்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்கு மண்டையில் பல்பு எரிந்ததுபோல ஆயிற்று. மூட்டையை அவர்கள் கம்பெனிக்கு எதிரான ஒரு சின்னத் திருட்டாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சக ஆளின் பயிரைக் காப்பாற்ற எல்லாருமாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒளித்து வைத்தது தங்கள் தலைக்கு மேல் இருந்த ஆபத்தை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கரையைப் பற்றி இவர்களுக்குச் சொல்லித்தர உலகத்தில் ஆள் கிடையாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஊரே கரையில்தான் காவல் கிடக்கும். நான் விசாரணையிலேயே எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, கொள்ளிடக் கரையோரத்தில் நீளமாக வெடிப்பு விட்டு, ஒரு பக்கம் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஆளை விலக்குவோம், ஆடு மாட்டை ஓட்டுவோம், தண்ணியை வேற பக்கம் திருப்புவோம். அப்படியானால் இது என்ன என்று சுவரைக் காட்டினேன். எல்லாரும் திரும்பிச் சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது கரை இல்லை. அது மைன்ஸ், கம்பெனியுடைய கல். கல் தண்ணீர் குடிக்குமா என்று நினைத்துவிட்டார்கள். கல்லுக்கு மேலே இருப்பது தங்கள் வயலில் இருக்கும் அதே களிமண்தான் என்பது கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை.

மேனேஜரிடம் மன்றாடினேன், சண்டையும் போட்டேன். ஒருவரை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொள்வார்கள், அடுத்த மூட்டை எங்கே இருக்கிறதென்று நமக்குக் கடைசிவரை தெரியாது என்றேன். கடைசியில் சஸ்பென்ஷனோடு முடிந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சம்ப் தண்ணீரை விளிம்பில் விடாமல், குழாய் போட்டு வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் வயல்காரர்களின் வாய்க்காலிலேயே விடலாம் என்று மேனேஜரே சொன்னார். செலவு ஒன்றும் பெரிதில்லை. இத்தனை நாள் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எங்களுக்குள்ளேயே ஆச்சரியப்பட்டுக்கொண்டோம்.

கலியமூர்த்திக்கு நாற்று ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். நட்டது போக மிஞ்சிய நாற்றை வேண்டியவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். ஆளுக்குக் கொஞ்சமாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். நடவு தள்ளித்தான் நடந்தது, ஆனால் நடந்தது.

7. வயலில் என்ன வேலை?

அதற்குப் பிறகு என் வேலையைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னால் எல்லாரையும் நிற்க வைத்துக் கொஞ்ச நேரம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோம். டூல்பாக்ஸ் டாக் என்போம். ஹெல்மெட், ஷூ, ஸ்பீடு லிமிட் என்று நான் பேசுவேன், அவர்கள் கொட்டாவி விடுவார்கள். இப்போது நான் முதலில் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இந்த வாரம் வயலில் என்ன வேலை ஓடுகிறது?

சிரித்தார்கள். பாய் விவசாய ஆபீஸர் ஆகிவிட்டார் என்று கிண்டல் செய்தார்கள். நான் விடவில்லை. கேட்கக் கேட்க எனக்கே புதுப்புது விஷயம் பிடிபட்டது. நாற்று விடும் காலத்தில் தண்ணீரின்மேல்தான் எல்லாருடைய கண்ணும் இருக்கும், ஆகவே வாய்க்காலைப் பார். நடவுக் காலத்தில் ஆள் வரமாட்டார்கள், தெரியாத வண்டியில் தெரியாத ஆள் ஏறுவான், ஆகவே சாவியைப் பார். அறுவடைக் காலத்தில் ராத்திரி முழுக்க வயலில் நின்றுவிட்டுக் காலையில் டம்பரில் ஏறுவார்கள், ஆகவே கண்ணைப் பார். எங்கள் சுரங்கத்தின் ஆபத்துகள் அத்தனையும் தமிழ் மாதத்தோடு சேர்ந்து வந்து போயின. எனக்கு அப்போதெல்லாம் கால் தரையில் பாவவில்லை. போகிற இடமெல்லாம் இதையே பேசினேன்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. பொதுவாகப் பேசுவார்கள், தன்னைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்று சிவந்த கண்ணோடு சொல்வார்கள். அறுவடை உச்சத்தில் இருந்தது. எந்த டம்பர் எப்போது, கல் ஏற்றிப் போகும் ஹால் ரோட்டை விட்டு உருண்டுவிடுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

ஒரு தை மாதக் காலை. மேனேஜரும் டூல்பாக்ஸ் டாக்குக்கு வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போலக் கேட்டேன். வழக்கம்போல முணுமுணுப்பு. அப்போது பின்வரிசையிலிருந்து கலியமூர்த்தி முன்னால் வந்தார்.

"பாய், ராத்திரி பூரா அறுப்பு மிசினோட நின்னேன். கண்ணு சொருவுது. இன்னிக்கு எனக்கு மிசின் வேணாம்" என்றார்.

கூட்டம் அவரைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்த்தது. இந்த மனிதர் இப்போது என்ன சொல்கிறாரோ, அதில்தான் எல்லாம் இருக்கிறது. சுந்தரேசன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ரெஸ்ட் ரூமில் போய்ப் படுங்கள், வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு நொடி கழித்து, டம்பர் ஓட்டும் இன்னொருவர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

அன்று சில வண்டிகள் நின்றன, கல் குறைந்தது, ஃபேக்டரியிலிருந்து வசவு வந்தது. மேனேஜர் அதை வாங்கிக்கொண்டார். நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

ஆபத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி வேலை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், பயமில்லாமல் வந்து நம்மிடம் சொல்லும்படி நடந்துகொள்வது மீதிப் பாதி. வந்து சொல்கிறவருக்கு முதல் நாள் என்ன கிடைக்கிறது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கலியமூர்த்தி ரெஸ்ட் ரூமில் படுத்தார். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் ஜன்னலை நானே சாத்திவிட்டு வந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுப்பப் போன ராஜேந்திரனை, தூங்கட்டும் என்று மேனேஜர் திருப்பி அனுப்பினார்.